ஏழுமலையும் நகராத சீட்டும்

காலை நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பவுண்டர் தாமோதரன் அடுத்தவரைக் கூப்பிடாமல் தானே உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு நின்றார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் கதவைச் சாத்தினால் நல்ல செய்தி இருக்காது என்று எனக்குத் தெரியும். "எலக்ட்ரீஷியன் ஏழுமலை போய்ட்டாருங்களாம். விடியறப்போ நெஞ்சு வலினு சொன்னாராம். அவரு ஊர் அடி அண்ணாமலையில இருந்து ஆள் வந்திருக்குதுங்க" என்றார். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ரத்த அழுத்தத்துக்கு நான் எழுதிக்கொடுத்த மாத்திரையை அந்த மனிதர் பாதி நாள் விழுங்குவதே இல்லை. கேட்டால் சிரிப்பார். வெளியே ஒன்பது பேர் காத்திருந்தார்கள். ஒன்பது பேரையும் பார்த்து அனுப்பிவிட்டுத்தான் எழுந்தேன். அன்றைக்கு அவர்களிடம் நான் சிடுசிடுத்திருந்தால் காரணம் இதுதான்.

இந்த ஊரில் கார், வேன், லாரி என்று எதையாவது வைத்துக்கொண்டு அவஸ்தைப்பட்டவர்களுக்கு ஏழுமலையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, புங்க மரத்தடியில் தகரக் கொட்டகை போட்டிருந்தார். தரைவழியாகவே நாடு நாடாகக் கடந்து வந்த வெள்ளைக்காரர்களின் வேன்கள் அங்கே வந்து படுத்துக் கிடக்கும். அவர்கள் பாஷை இவருக்குத் தெரியாது, இவர் பாஷை அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் வேன் கிளம்பிப் போகும். நெடுநெடுவென்று உயரம், காதோரம் நரை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன பல்பு. அந்த பல்பில் இரண்டு வயர் தொங்கும். அதுதான் அவருடைய மொத்த ஆஸ்பத்திரி என்று நான் கேலி செய்வேன்.

அவரைத் தெரிந்த உங்களுக்கு என் காரையும் தெரிந்திருக்கும். 'டாக்டரம்மா கப்பல்' என்று நீங்கள் அதற்கு வைத்த பெயர் என் காதுக்கு வராமல் இல்லை. சென்னையில் வேலை பார்த்த வெளிநாட்டு என்ஜினியர் ஒருவர் ஊர் திரும்பும்போது விட்டுப்போன பழைய அமெரிக்கக் கார் அது. நான் அதை ஆடம்பரத்துக்கு வாங்கவில்லை. இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் என் இடது கால் சூம்பிப்போனது. இரும்புப் பட்டை போட்ட பூட்ஸ் இல்லாமல் அந்தக் காலால் நிற்க முடியாது, கிளட்சை மிதிக்கவே முடியாது. இந்தக் காரில் கிளட்ச் கிடையாது. இன்னொரு வசதியும் இருந்தது. சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச். அதை அழுத்தினால் சீட்டுக்கு அடியில் உள்ள மோட்டார் ஓடி, முழு சீட்டும் முன்னால் நகரும். குள்ளமான எனக்கு அப்போதுதான் வலது கால் பிரேக்குக்கு எட்டும். சீட்டு பின்னால் நின்றுவிட்டால் நான் வெறும் பயணிதான்.

என் அண்ணா வேலூரில் வக்கீல். ஒரு பெண், அதுவும் கால் ஊனமான பெண், கிராமம் கிராமமாகத் தானே கார் ஓட்டிக்கொண்டு பிரசவம் பார்க்கப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. "காரை வித்துட்டு ஒரு டிரைவரோட வாடகை வண்டி வெச்சுக்கோ" என்று ஒவ்வொரு முறை வரும்போதும் சொல்வார். ஊரில் பெரிய மனிதர்களும் அதையே வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். அக்கறையாகத்தான் சொன்னார்கள். ஆனால் அக்கறையாகச் சொல்லப்படும் ஒன்றை எதிர்த்துச் சண்டை போடுவது எத்தனை களைப்பான வேலை என்று எனக்குத்தான் தெரியும்.

ஏழுமலையிடம் முதன்முதலில் போனது ஹாரனுக்காக. இடது பக்கம் திரும்பினால் அதுவாக அலறும். தேரடி வீதியில் ஒருநாள் திரும்பியபோது பூக்காரர்கள் எல்லோரும் எழுந்து ஓடினார்கள். எரிச்சலோடு கொட்டகைக்குப் போய், ஹாரனைக் கழற்றி எறியுங்கள் என்றேன். அவர் காரைத் தொடவே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் நின்று மூன்று கேள்வி கேட்டார். கடைசியாக எப்போது சரியாக இருந்தது? அதற்கப்புறம் யார் கை வைத்தது? அன்றிலிருந்து வேறு என்ன மாறியது? நோயாளியிடம் நான் கேட்கவேண்டிய கேள்விகளை என்னிடமே கேட்கிறாரே என்று எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. "எனக்கு அவசரம், பேஷண்ட் காத்திருக்காங்க" என்றேன். "அவசரம் உங்களுக்குத்தான் டாக்டரம்மா, வயருக்கு இல்ல" என்றார். ஸ்டியரிங்குக்கு அடியில் தோல் உரிந்த ஒரு வயரைப் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்தார்.

என்ன பழுதானாலும் அவர் முறை ஒன்றுதான். பேட்டரியில் ஆரம்பிப்பார். அந்த பல்பைத் தொட்டுத் தொட்டு, வயர் போகும் வழியிலேயே போவார். எந்த இடத்தில் பல்பு எரியாமல் போகிறதோ அங்கே நிற்பார். நடுவில் ஓர் இடத்தையும் தாண்ட மாட்டார். "கரண்ட் எதுவரைக்கும் வந்துச்சுனு தெரிஞ்சா போதும், எங்க நின்னுச்சுனு தானா தெரிஞ்சிடும்" என்பார். வண்டிக்காரர்கள் பொறுமை இழந்து இதுதான் பழுது, அதுதான் பழுது என்று அடுக்குவார்கள். அவர் தலையாட்டிவிட்டுப் பேட்டரியிலிருந்தே ஆரம்பிப்பார்.

அந்த முறையை அவர் ஒரே ஒரு தடவை மீறினார், அதுவும் என் வற்புறுத்தலால். இத்தனை வருஷம் நான் சொல்லாமல் இருந்தது அதைத்தான்.

எழுபதுகளின் நடுவில் ஓர் ஆயுத பூஜை. நம் ஊர் வழக்கப்படி, அவர் கைபட்ட வண்டிகளை எல்லாம் பூஜைக்குத் தம் கொட்டகைக்கே கொண்டுபோய்க் கழுவி, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கித் திருப்பிக் கொடுப்பார். என் காரையும் ஓட்டிப் போனார். அவர் உயரத்துக்குச் சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டார். பூஜை முடிந்து கார் வீட்டுக்கு வந்தது. மறுநாள் காலை நான் உட்கார்ந்து சுவிட்சை அழுத்தினேன். சீட்டு அசையவில்லை. பல தடவை அழுத்தினேன், ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை.

ஆள் அனுப்பி ஏழுமலையை வரவழைத்தேன். அவர் வழக்கம்போலக் கேள்வி கேட்கத் தொடங்கியபோது நான் குறுக்கிட்டேன். இரண்டு மாசமாகவே சீட்டு நகரும்போது மோட்டார் முனகிக்கொண்டிருந்தது, இப்போது எரிந்துபோய்விட்டது, கழற்றுங்கள் என்று சொன்னேன். முனகல் இருந்தது உண்மை. ஆனால் அது உலர்ந்துபோன கிரீஸினால் வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. "ஒரு தடவை பல்பு வெச்சுப் பார்த்துடறேங்க" என்றார். "நான் தினமும் ஓட்டற வண்டி, எனக்குத் தெரியாதா?" என்று அதட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். படித்தவள், டாக்டர், அவருடைய இரண்டாவது மகளுக்குப் பிரசவம் பார்த்து வெளியே எடுத்தவள். சரி என்று தலையாட்டிவிட்டு ஸ்பானரை எடுத்தார்.

மோட்டாரைக் கழற்றினார். அதோடு சேர்ந்த பல்சக்கரப் பெட்டியும் வெளியே வந்தது. உள்ளே உள்ள செப்புக் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றுவதற்கு எல்லாவற்றையும் சென்னைக்கு அனுப்பினார். அவை இல்லாமல் சீட்டு ஆடும் என்பதால், அது இருந்த இடத்திலேயே, அதாவது பின்பக்கமாகவே, இரும்புப் பட்டையும் போல்ட்டும் போட்டு இறுக்கிவிட்டுப் போனார். முதுகுக்குத் தலையணை வைத்து ஓட்டிப் பார்த்தேன். பிரேக்கை மிதித்தபோது தலையணை நழுவி நானும் நழுவினேன். ஒரு தள்ளுவண்டி நூலிழையில் தப்பியது. அதன்பின் வேறு வழியில்லாமல் ஒரு டிரைவரை அமர்த்திக்கொண்டேன். செய்தி கேள்விப்பட்டு அண்ணா ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். வேட்டவலம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஓர் ஊர், பெயர் வேண்டாம். அங்கே காலனியில் காசியம்மா என்ற பெண்ணுக்கு இரண்டாவது பிரசவம். முதலாவது ரொம்பக் கஷ்டப்பட்டுப் பிறந்தது என்பதால், வலி எடுத்தவுடன் சொல்லி அனுப்ப வேண்டும் என்று முன்பே சொல்லிவைத்திருந்தேன். காலை எட்டு மணிக்கு அவள் புருஷன் சைக்கிளில் வந்து சொன்னான். உடனே கிளம்பினோம். ஊர் எல்லையில், காலனிக்குப் பிரியும் மண் பாதையின் முனையில் டிரைவர் வண்டியை நிறுத்தினார். "அதுக்குள்ள வண்டி வுட முடியாதுங்க. எங்க சொந்தக்காரங்க இந்த ஊர்ல இருக்காங்க, நாளைக்கு என்னைப் பேசுவாங்க" என்றார். நான் கெஞ்சினேன், திட்டினேன். அவர் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி நின்றுவிட்டார்.

சாவியைக் கொடுத்திருந்தாலும் என்னால் ஓட்டியிருக்க முடியாது. அதுதான் என்னை இன்றைக்கும் குடைகிறது. அந்தப் பாதையில் என் கார் பத்து தடவையாவது போயிருக்கும். காரில் போனால் மூன்று நிமிஷம். வரப்பும் சேறுமாக, இரும்புப் பட்டைக் காலோடு நடந்தபோது எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. இரண்டு இடத்தில் விழுந்தேன். காசியம்மாவின் மாமியார் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டாள். நான் உள்ளே நுழைந்தபோது குழந்தையின் காலும் உடம்பும் வெளியே வந்திருந்தன, தலை சிக்கியிருந்தது. தாயைக் காப்பாற்றினேன். குழந்தை இறந்தே பிறந்தது. ஆண் குழந்தை. முன்னாலேயே போயிருந்தால் பிழைத்திருக்கும் என்று எந்த டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது. பிழைத்திருக்காது என்று என்னாலும் சொல்ல முடியவில்லை.

அவர்களிடம் நான் அதிகம் பேசவில்லை. "வண்டி தகராறு பண்ணிடுச்சு" என்றேன். டிரைவர் ஏன் நின்றார் என்பது அவர்களுக்குத் தெரியும், அது அவர்களுக்குப் புதிதும் இல்லை. ஆனால் நான் ஏன் ஓட்டிக்கொண்டு வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்று மாலையே டிரைவரை நிறுத்திவிட்டேன்.

ஏழுமலையிடம் சொன்னேன். "எனக்கு ஆள் அனுப்பி இருக்கலாமே டாக்டரம்மா, நான் ஓட்டிட்டு வந்திருப்பேனே" என்றார். காலை எட்டு மணிக்கு வலியோடு ஒருத்தி காத்திருக்கும்போது அடி அண்ணாமலைக்கு ஆள் அனுப்பத் தோன்றவில்லை என்று சொன்னேன்.

தீபத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் மோட்டார் வந்து சேர்ந்தது. காரைத் தம் கொட்டகைக்கு ஓட்டிப் போனார், நானும் கூடப் போனேன். மாட்டினார். சுவிட்சை அழுத்தினேன். பழையபடி எந்தச் சத்தமும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது நினைவிருக்கிறது. அவர் தோளில் இருந்த துண்டை எடுத்துத் தரையில் விரித்து உட்கார்ந்தார். "இனிமே நீங்க எதுவும் சொல்லாதீங்க. நான் கேக்கறதை மட்டும் செய்ங்க" என்றார். என்னிடம் அவர் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

காரின் உள்விளக்கைப் போடச் சொன்னார். இப்போது சுவிட்சை அழுத்துங்கள் என்றார். அழுத்தினேன். விளக்கு அப்படியே எரிந்தது. "பாருங்க, வெளிச்சம் கம்மியாகல. மோட்டார் கரண்ட்டை இழுத்தா இந்த விளக்கு கொஞ்சமாவது மங்கணும். மோட்டாருக்குக் கரண்ட்டே போகல. மோட்டார் அன்னைக்கும் நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார். முதல் நாளே இதைச் செய்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. பேட்டரியிலிருந்து ஆரம்பித்து பல்பைத் தொட்டுக்கொண்டே வந்தார். ஃபியூஸில் எரிந்தது. சுவிட்சுக்குள் போகும் வயரில் எரிந்தது. சுவிட்சிலிருந்து வெளியே வரும் வயரில் எரியவில்லை.

சுவிட்சைக் கழற்றி மடியில் வைத்து, சின்ன ஸ்குரூ டிரைவரால் மூடியைத் திறந்தார். உள்ளே செப்புத் தகடுகளின்மேல் மஞ்சளாக எதுவோ காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஆயுத பூஜையன்று டயர், ஸ்டியரிங், கதவு என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், இந்தக் காரில் டாக்டரம்மாவுக்கு முக்கியமானது இதுதானே என்று சீட்டு சுவிட்சுக்குக் கொஞ்சம் தாராளமாகவே சந்தனம் அப்பியிருக்கிறார். ஈரச் சந்தனம் பொத்தானைச் சுற்றியிருந்த இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, தகடுகளை மூடிக் காய்ந்துவிட்டது.

அந்த நிமிஷம் அவர் என்ன சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருப்பேன். தகடு துருப்பிடித்துவிட்டது என்றால் போதும். சந்தனத்துக்கும் துருவுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் நான். கொட்டகையில் வேறு யாரும் இல்லை. அவர் சுவிட்சை என் உள்ளங்கையில் வைத்தார். "இது நான் வெச்ச சந்தனம் டாக்டரம்மா" என்றார். பிறகு, "அந்தப் புள்ள போனதுக்கு நான்தான் காரணம்" என்றார். மோட்டார் என்று சொன்னது நான், உங்களைப் பார்க்கவிடாமல் அதட்டியது நான் என்று சொன்னேன். அவர் மறுக்கவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. பெட்ரோலில் துணியை நனைத்துத் தகடுகளைத் துடைத்து மாட்டினார். சீட்டு முன்னால் நகர்ந்தது. நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அவர் கொட்டகைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

அதற்கடுத்த வருஷத்திலிருந்து அவர் கொட்டகையில் பூஜை நடந்தால் சந்தனம் டயருக்கும் முன்பக்கத்துக்கும் மட்டும்தான். ஊரில் மற்ற ஒர்க் ஷாப்களுக்கும் போய், சுவிட்சுகளில் ஈரப் பொட்டு வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வருவாராம். சாமி காரியத்தில் இவர் என்ன புதுசாகச் சட்டம் போடுகிறார் என்று சிலர் முணுமுணுத்தார்கள். சிலர் முகத்துக்கு நேராகவே கிண்டல் செய்தார்கள். அவர் காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்னார். தன் தப்பைச் சொல்ல அவர் கூச்சப்பட்டதே இல்லை. அந்தக் கதையில் என் பங்கை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இரண்டு வருஷம் கழித்துக் காசியம்மாவுக்கு மறுபடி பிரசவம். நானே ஓட்டிக்கொண்டு போய் அவள் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அதை நான் ஏழுமலையிடம் சொல்லவில்லை. எப்படியோ தெரிந்திருக்கிறது. மறுநாள் காலை கிளினிக் வாசலில் சைக்கிளோடு நின்றார். "என்ன கொழந்தை?" என்று மட்டும் கேட்டார். பெண், நன்றாக இருக்கிறது என்றேன். தலையாட்டிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

ஒருமுறை வயிற்று வலி என்று கிளினிக்குக்கு வந்தார். வெளியே கூட்டம். அல்சராகத்தான் இருக்கும் என்று நினைத்து நான் மருந்துச் சீட்டு எழுத ஆரம்பித்தேன். மனிதர் நாற்காலியில் இருந்து எழுந்திருக்கவில்லை. "கடைசியா எப்போ நல்லா இருந்துச்சுனு நீங்க கேக்கவே இல்லியே டாக்டரம்மா" என்றார். பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தேன். பிறகு ஒழுங்காகக் கேட்டேன். மூட்டு வலிக்காக யாரோ சொன்னார்கள் என்று கடையில் வாங்கிய மாத்திரையை ஒரு மாசமாக வெறும் வயிற்றில் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். நான் எழுதிக்கொடுப்பதை விழுங்காமல், எழுதிக்கொடுக்காததை விழுங்கும் ஆள். அதற்கும் ஒரு பாட்டம் திட்டு வாங்கிக்கொண்டு போனார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மோட்டார் உண்மையிலேயே செத்துப்போனது. இந்த முறை அவர் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். மாற்று சாமான் சென்னையிலும் இல்லை. அண்ணா மறுபடி பேச்சை ஆரம்பித்தார். நானும் தளர்ந்துபோயிருந்தேன், விற்றுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஏழுமலை ஓர் அளவு டேப்போடு வந்தார். என்னைக் காரில் உட்காரச் சொல்லி, கால் எங்கே சுகமாக எட்டுகிறது என்று கேட்டார். ஒரு விரற்கடை முன்னே, ஒரு விரற்கடை பின்னே என்று சீட்டை நகர்த்தி, அரை நாள் என்னை ஏறி இறங்க வைத்தார். பிறகு மோட்டாரை எடுத்துப் போட்டுவிட்டு, சீட்டை அந்த இடத்திலேயே நான்கு போல்ட் போட்டுத் தரையோடு இறுக்கினார்.

"இனிமே இது பின்னாடி போகாது. இந்த வண்டியை உங்களைத் தவிர வேற யாரும் ஓட்ட முடியாது" என்றார். அந்த வாரம் வந்த அண்ணா அதில் உட்கார்ந்து பார்த்தார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. வெளியே வந்து காபி கேட்டார். நான் அந்த மாதிரி சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் குறைவு. ஆனால் ஏழுமலை சந்தோஷமாக இல்லை. ஸ்பானர்களைப் பையில் போட்டபடியே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அன்னைக்கே இதைப் பண்ணியிருக்கலாம் டாக்டரம்மா. மோட்டாரைக் கழட்டி அனுப்பினப்போ, பின்னாடி வெச்சு இறுக்குனதை முன்னாடி இழுத்து வெச்சு இறுக்கி இருக்கலாம். அதே பட்டை, அதே போல்ட்டு. எனக்குத் தோணல."

எனக்கும் தோன்றவில்லை. அத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட எனக்கு அது தோன்றவில்லை என்பதுதான் உண்மை. அவர் அதை எப்போதிலிருந்து மனத்தில் வைத்துக்கொண்டிருந்தார் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அடி அண்ணாமலைக்கு நானேதான் ஓட்டிப் போனேன். பந்தல் போட்டிருந்தார்கள். வண்டிக்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள், உங்களில் பலரை அங்கே பார்த்தேன். அவர் மனைவி பார்வதி என் கையைப் பிடித்துக்கொண்டு, மாத்திரை டப்பா நிறைய அப்படியே இருக்கிறது என்று சொல்லி அழுதார். இறந்த மனிதரைத் திட்ட முடியாமல் நானும் அழுதேன். அவரை எடுத்துக்கொண்டு போனபின் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தன் தப்பை ஊர் முழுக்கச் சொன்னவர் அவர். நான் என் தப்பைச் சொல்லவேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அங்கே இத்தனை வருஷம் சொல்லவில்லை.

மறுநாள் வேட்டவலம் ரோட்டில் போனேன். காசியம்மா வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று பதறி எழுந்தாள். உட்காரச் சொல்லி, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏழுமலை போய்விட்டதைச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம், மோட்டார்தான் என்று நான் தெரியாமல் சொன்னது, அவரைப் பார்க்கவிடாமல் அதட்டியது, சீட்டைப் பின்னால் வைத்து இறுக்கியது, முன்னால் வைத்து இறுக்கியிருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாமல் போனது. வண்டி தகராறு என்று அன்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன், அது சரியில்லை என்றேன்.

அவள் கடலை உரிப்பதை நிறுத்திவிட்டு நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "இருந்திருந்தா இப்போ பதிமூணு வயசு ஆவுது" என்றாள். மறுபடி கடலையை உரிக்க ஆரம்பித்தாள். நான் எழுந்திருக்கலாம் என்று நினைத்தபோது, "அந்த வண்டி ரிப்பேர் பண்றவருக்கு எத்தினி புள்ளைங்க?" என்று கேட்டாள். இரண்டு பெண், ஒரு பையன் என்றேன்.

"சின்னதுங்களா?"

"சின்னவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகல."

"ஐயோ பாவம்" என்றாள் காசியம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஏழுமலையிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டால், அந்த வாசலில் உட்கார்ந்து அதைச் சொல்ல முடிந்ததுதான்.